கோ கொடுத்தவள்

அவளைப் போல் ஓடக்கூடிய ஒருத்தியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் ஒரு ஓட்டத்தை முழுதாக ஓடி முடித்தும் பார்த்ததில்லை. எதிரணிக்காரியைத் துரத்திக்கொண்டு போவாள். இதோ தொட்டுவிட்டாள் என்று நாங்கள் கையைத் தட்டத் தூக்குவோம். அந்த நேரம் பார்த்துச் சட்டென்று குனிந்து வேறொருத்தியின் முதுகைத் தொட்டு 'கோ' சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். தொட்ட பெருமை அந்த வேறொருத்திக்குப் போகும். எனக்கு வயிறு எரியும்.

கோ-கோ ஆடாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வயிறு ஏன் எரிந்தது என்று புரியாது. மைதானத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கம்பம். நடுவில் ஒரே வரிசையாக, சதுரத்துக்கு ஒருத்தியாக, துரத்துகிற அணி உட்கார்ந்திருக்கும். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒருத்தி மட்டும் எழுந்து துரத்துவாள். ஓடுகிறவள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து பக்கம் மாறலாம். துரத்துகிறவள் அப்படிப் புகக்கூடாது, வந்த வழியே திரும்பவும் கூடாது. மறுபக்கம் போக வேண்டுமென்றால் முனைக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இல்லையா, மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் முதுகைத் தொட்டுச் சத்தமாக 'கோ' கொடுக்க வேண்டும். அவள் எழுந்து ஓடுவாள், கொடுத்தவள் அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். இதுதான் ஆட்டம்.

நாங்கள் டாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோராவது படித்துக்கொண்டிருந்தோம். நான் காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் வருவேன். அப்பா வங்கி அதிகாரி, அம்மா கும்பகோணம், வீட்டில் ரசம், வெளியில் வங்காளம். அவள் ஸ்டுடியோக்களுக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் இருந்தாள். அவள் அப்பா படப்பிடிப்புகளில் லைட் தூக்குகிறவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவளுக்குப் பெயர் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் பள்ளியில், மீன் மார்க்கெட்டில், ஆட்டோ ஸ்டாண்டில், ஏன், அவள் வீட்டிலேயே கூட எல்லாருக்கும் அவள் 'கேப்டன்'தான். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

இப்போது நான் அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கீழே சிலர் இருக்கிறார்கள். போன வருஷம் எங்களை ஏ.சி. அறையில் உட்காரவைத்துத் தலைமைப் பண்பு பற்றி ஒரு பயிற்சி நடத்தினார்கள். தலைவர் என்பவர் தன்னை மறந்தவர், பொறுமையானவர், எல்லாருக்கும் முன்மாதிரியானவர் என்று திரையில் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கேப்டன் தன்னை மறந்து ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் ஆடி முடித்து ஜால்முடி, அதாவது காரப் பொரிப் பொட்டலம் வந்தால் முதல் கை அவளுடையது. தன்னுடையதை முடித்துவிட்டு என்னுடையதிலும் கையை விடுவாள். "ஒனக்கு எண்ணெ ஆவாதுட்டி, மொகத்துல பரு வரும்" என்று காரணமும் சொல்வாள். வீட்டுப்பாடம் எழுத மாட்டாள். தாமதமாக வந்துவிட்டு ஆட்டோவின் மேல் பழி போடுவாள். ஆட்டத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டாள். கைக்கு வந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

கொடுக்கிற கை என்றால் அது ஒரு தனிக் கை. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வருகிறவளைப் பார்க்க முடியாது. முதுகில் விழுகிற கையை வைத்தே யாரென்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் அடிப்பேன். "மாவு இடிக்கிற மாதிரி இருக்கு" என்று எல்லாரும் புகார் சொல்வார்கள். கேப்டன் இரண்டு விரலால் தொடுவாள். தோள்பட்டைக்குக் கீழே, லேசாக. அந்தத் தொடலில் அவசரமே இருக்காது. எழுந்து ஓடும்போது யாரோ நம்மைப் பெரிதாக நம்பிவிட்டார்கள் என்று ஒரு பயம் வரும்.

அவளிடம் ஒரு சொல்லும் இருந்தது. தமிழில் எங்களிடம் "அப்புறம்?" என்பாள், வங்காளப் பெண்களிடம் "தார்போர்?" என்பாள். இரண்டும் ஒன்றுதான். கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கினேன் என்று போய்ச் சொன்னால், சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" காலில் அடிபட்டது, இனி என்னால் ஆட முடியாது என்று அழுதால், உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அப்புறம்?" கேலி கிடையாது, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலே இருந்ததில்லை என்பதால் எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

எங்கள் அணியில் மிது என்று ஒரு வங்காளப் பெண் இருந்தாள். நாங்கள் பழகிய மைதானம் இருந்த பாடாவிலேயே, அதாவது பேட்டையிலேயே வீடு. நல்ல கால், அதைவிட நல்ல கண். குரல்தான் கிடையாது. ஊமையில்லை, வீட்டில் பேசுவாளாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கோ-கோவில் கையால் தொட்டால் மட்டும் போதாது, நடுவர் காதில் விழுகிற மாதிரி 'கோ' சொல்லாவிட்டால் ஃபவுல். பத்தாவது படிக்கும்போது நடந்த மாவட்டப் போட்டியில் நாங்கள் தோற்றது அதனால்தான். கேப்டன் துரத்திக்கொண்டு போனவள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசைக்குள் புகுந்து மறுபக்கம் போனாள், கேப்டன் மிதுவுக்குக் கோ கொடுத்தாள். மிது ஓடினாள், அடுத்தவள் முதுகைத் தொட்டாள், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. விசில் ஊதிவிட்டார்கள். ஓடுகிறவள் தப்பித்தாள், நேரம் முடிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் கேப்டனைப் பிடித்துக்கொண்டேன்.

"நீயே கம்பத்தைச் சுத்திப் போய்த் தொட்டிருக்கலாமேடி. போயும் போயும் அவகிட்ட யாராவது கொடுப்பாளா?"

"தொட்டிருக்கலாம்."

"பின்னே?"

"தொட்டா ஒருத்தி அவுட்டு. அப்புறம்? அடுத்த போட்டியில எனக்குக் காச்சல் வந்தா யாரு தொரத்துவா? நீ ஒருத்தியே மைதானம் பூரா ஓடுவியா?"

"அடுத்த போட்டிக்கு முதல்ல இந்தப் போட்டியில ஜெயிக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன் சீட்டில் மிது தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் தமிழ் அவளுக்குப் புரியாது, ஆனால் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று யாருக்குத்தான் தெரியாது. அன்று எனக்குக் கேப்டன் மேல் வந்தது வெறும் கோபமில்லை. இவள் கொடுப்பது நல்ல மனசினாலா, இல்லை கடைசி அடியைத் தான் எடுத்து வைக்கப் பயப்படுகிறாளா என்று ஒரு சந்தேகமும் வந்தது.

பள்ளிக்கு மைதானம் கிடையாது, சிமெண்டு முற்றம்தான். அதில் விழுந்தால் முட்டித் தோல் சிமெண்டோடு போய்விடும். அதனால் பக்கத்துப் பாடா கிளப்பின் மைதானத்தில், குளத்தை ஒட்டிய பக்கத்தில், காலையில் பழகிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தோம். இரண்டு கம்பங்களும் கேப்டனின் அப்பா நட்டவை. ஏதோ ஒரு செட்டைப் பிரித்தபோது மிஞ்சிய சால மரம்.

கிளப்பின் கேட்டைக் காவலாளி வந்து திறக்க வேண்டும், எங்களுக்கு அவர் 'காக்கு', சித்தப்பா மாதிரி. அவர் மாடியில் தூங்குவார். தெருவிலிருந்து கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். அந்தத் தோல்விக்குப் பிறகு கூப்பிடுகிற வேலையைக் கேப்டன் மிதுவுக்குக் கொடுத்துவிட்டாள். "நான் கூப்பிடறேன், ஒரே சத்தத்தில் எழுந்துப்பார்" என்று நான் வாயைத் திறந்தால் என் பையைப் பிடித்து இழுப்பாள். மிது "காக்கு" என்பாள். அது அவளுக்கே கேட்டிருக்காது. மழை பெய்துகொண்டிருக்கும். ஓர் அணியே குடையில்லாமல் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கும். சில நாள் அப்படியே நின்றுவிட்டு, பழகாமலே பள்ளிக்குப் போனோம். நான் திட்டாத திட்டில்லை.

"நீ அவளைப் பழக்கலை, எங்களைச் சளி பிடிக்க வைக்கறே" என்றேன்.

"தலையைத் தொடச்சுக்கோ" என்றாள்.

ஒருநாள் மழை வலுத்து, மிதுவின் புது ஷூவுக்குள் தண்ணீர் ஏறியது. "காக்கு, கேட்" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள். மாடியில் காக்கு மட்டுமல்ல, எதிர்வீட்டு டாக்டரும் எழுந்து ஜன்னலைத் திறந்தார். நாங்கள் கையைத் தட்டிவிட்டோம். கேப்டன் மட்டும், தினமும் இப்படித்தான் நடக்கும் என்பதைப் போல, தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தாள். அதற்குப் பிறகு காலையில் இவ்வளவு சத்தம் கூடாது என்று தெருவில் புகார் வந்தது வேறு கதை. ஆனால் அந்தக் குரல் கேட்டுக்கு வெளியேதான் வந்தது. மைதானத்துக்குள் நாங்கள் உட்கார்ந்து பார்க்கும்போது இன்னும் பாதிதான் வரும்.

அடுத்த மாவட்டப் போட்டி பூஜை விடுமுறைக்குச் சற்று முன்னால் என்று சொல்லிவிட்டார்கள். அதே சமயம் கிளப் செயலாளர் எங்களைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அவரை எல்லாரும் ஜேட்டு என்போம், பெரியப்பா என்கிற மாதிரி. நல்ல மனிதர். பூஜை என்று வந்துவிட்டால் மட்டும் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

"இந்த வருஷம் பந்தல் பெரிசும்மா. குளக்கரை வரைக்கும் வருது. பந்தக்கால் நட்டதும் உங்க கம்பத்தை எடுத்துடுவோம். காளி பூஜை முடிஞ்சதும் திரும்ப வாங்க."

காளி பூஜைக்குள் போட்டி முடிந்து, புழுதியும் அடங்கியிருக்கும். சிமெண்டில் பழகி யாரும் கோ-கோ ஜெயித்ததில்லை, கம்பத்தில் பாய்ந்து திரும்பவே முடியாது. பள்ளியிலும் கையை விரித்துவிட்டார்கள். மைதானம் இல்லையென்றால் இந்த வருஷம் பெயர் கொடுக்க வேண்டாம் என்று விளையாட்டு மிஸ் சொல்லிவிட்டார். பன்னிரண்டாவதில் எங்களை ஆடவிட மாட்டார்கள், பரீட்சை. ஆக எங்களுக்கு இருந்தது இந்த ஒரு போட்டிதான். மறுநாள் சனிக்கிழமை, கேப்டன் தன் அப்பாவின் ஸ்டுடியோவில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட் ஒரு டப்பா கொண்டுவந்து, குளத்துப் பக்கக் கம்பத்தின் பாசியைச் சுரண்டி, பளபளவென்று அடித்துவிட்டுப் போனாள். பிடுங்கப்போகிற கம்பத்துக்கு எதற்குடி பெயிண்ட் என்று கேட்டேன். "பாசி வழுக்குதுல்லா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தக்கால் பூஜை. இந்த ஊரில் துர்கா பூஜைக்கு மாதங்கள் முன்பே முதல் மூங்கிலை நட்டு, மஞ்சளும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுப் பூஜை செய்துவிடுவார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் செய்கிற மாதிரியேதான். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலிருந்து மழை. பந்தல்காரர் மூங்கிலோடு எங்கேயோ தண்ணீரில் மாட்டிக்கொண்டார். புரோகிதர் வந்துவிட்டார். அவருக்கு அன்று இன்னும் பல பந்தல்கள். குடையை மடக்காமலே "கம்பம் எங்கே, கம்பம் எங்கே" என்று பறந்தார். மைதானத்தின் கோடியில் புதிதாக, மஞ்சளாக, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது எங்கள் கம்பம்.

"அதோ, ராத்திரியே நட்டுட்டாங்க போல" என்றார் யாரோ. பெயிண்ட் அடித்த கம்பமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த வருஷம் பெரிய பந்தல், எல்லாமே விசேஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். எல்லாரும் குடையோடு அங்கே போனார்கள். குங்குமம், மாவிலை, சிவப்புத் துணி, சாமந்தி மாலை. மிதுவின் அம்மா சங்கு ஊதினார். பாடாப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். முதுகில் இரண்டு விரல் அழுந்தியது.

"ஏட்டி, பொறு" என்றாள் கேப்டன் காதருகே.

"நம்ம கம்பம்டி அது."

"தெரியும். சும்மா நில்லு."

தேங்காய் உடைத்து, சந்தேஷ் இனிப்பு கொடுத்து, போட்டோவும் எடுத்து முடித்த பிறகு தட்டு வண்டியில் மூங்கிலை ஏற்றிக்கொண்டு பந்தல்காரர் நனைந்தபடி வந்து சேர்ந்தார். அவர் கம்பத்தைப் பார்த்தார், ஜேட்டு மூங்கிலைப் பார்த்தார்.

சாயங்காலம் கிளப் அறையில் கூட்டம். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள், வாசலில் நின்றோம். பந்தல்காரர் தன் கஷ்டத்தைச் சொன்னார். அந்தக் கம்பத்தை மூலையாக வைத்தால் பந்தல் குளத்தில் இறங்கும். நடுவில் வைத்தால் அம்மன் நிற்க இடமில்லை. கம்பத்தையும் அதைச் சுற்றி இருக்கிற இடத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் பந்தலைக் கிளப் கட்டடத்துப் பக்கம் சின்னதாகப் போடலாம், இல்லையென்றால் கம்பத்தைப் பிடுங்க வேண்டும்.

"பிடுங்கிடலாம்" என்றார் ஜேட்டு. "விடியறதுக்குள்ள பிடுங்கி, வேற இடத்துல மூங்கிலை நட்டு, சின்னதா ஒரு பூஜை. யாருக்கும் தெரிய வேண்டாம்."

என்ன சொல்ல வேண்டும் என்று கேப்டனுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வங்காளத்தில் அவளைப் போல் வெட்டிப் பேச அந்த அறையில் ஆளில்லை. சொல்லடி, இப்போதாவது நீயே சொல் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தூக்கினாள். முன்னால் நின்ற மிதுவின் முதுகில் இரண்டு விரலை வைத்து, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கோ" என்றாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மிது இரண்டு எட்டு உள்ளே போனாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜேட்டு" என்றாள். காக்குவை எழுப்புகிற அதே குரல். அந்த அறைக்கு அது மிக அதிகம். ஒருவர் டீயைச் சிந்திக்கொண்டார். "பிடுங்கலாம் ஜேட்டு. யாரு பிடுங்கப் போறாங்க?"

"யாராவது பிடுங்குவாங்கம்மா."

"எங்கம்மா சங்கு ஊதினாங்க. பாடாவுல இருக்கிற சித்தி, பெரியம்மா எல்லாரும் குலவை போட்டாங்க. அதுல கை வைக்கப்போறது யாருன்னு சொல்லுங்க. நான் வீட்டுல போய்ப் பேரைச் சொல்லணும்."

ஜேட்டு பந்தல்காரரைப் பார்த்தார். பந்தல்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பிள்ளைகுட்டிக்காரன் அண்ணா" என்றார். காக்குவைப் பார்த்தார்கள், காக்கு எழுந்து வெளியே போய்விட்டார். ஜேட்டு தன் மனைவியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பந்தல் எவ்வளவு சின்னதாகும்?" என்று கேட்டார்.

குளத்துப் பக்கம் எங்களுக்கு நின்றது. பூஜை செய்த கம்பம் என்பதால் செருப்போடு யாரும் கிட்டே போகக்கூடாது என்றார்கள். நாங்கள் வெறுங்காலோடு ஆடத் தொடங்கினோம். மிது ஒவ்வொரு தடவையும் கம்பத்தைப் பிடித்துத் திரும்புவதற்குள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "அதுக்குள்ள அவ வீட்டுக்கே போயிடுவாடி" என்று நான் கத்துவேன். அவள் கேட்க மாட்டாள்.

மறுவாரம் மைக்கில் ஜேட்டு பேசினார். நம் பாடாவின் பெண்பிள்ளைகள் ஆடவேண்டும் என்பதற்காக இந்த வருஷம் பந்தலையே சிறியதாக்க முடிவு செய்தோம் என்றார். கைதட்டல். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

"கம்பம் நம்மது. பேசினது மிது. பேரு அவருக்கா?"

"பேசட்டும்ட்டி" என்றாள் கேப்டன். கைதட்டுகிறவர்களோடு அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். "ஊரு முழுக்கக் கேக்க மைக்குல சொல்லிட்டாருல்லா. அப்புறம்? அடுத்த வருசம் எப்படி மாத்திச் சொல்லுவாரு?"

அவருக்கும் இவள் கோ கொடுத்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மஞ்சள் பெயிண்ட் நிஜமாகவே பாசிக்குத்தானா என்று அதற்குப் பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறையும் நேரான பதில் வந்ததில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. கடவுள் காரியத்தில் விளையாடிவிட்டாளோ என்று கொஞ்சம் பயமும், இருக்கட்டுமே என்று நிறையச் சந்தோஷமும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன.

போட்டி நாள். வேறொரு மைதானம். கடைசித் துரத்தல் எங்களுடையது. புள்ளி சமம், இன்னும் ஒருத்தியைத் தொட்டால் ஜெயிப்போம். எதிரணியில் ஓடிக்கொண்டிருந்தவள் பாம்பு மாதிரி வளைகிறவள். நான் துரத்திக்கொண்டு போனேன். அவள் வரிசைக்குள் புகுந்து மறுபக்கம் போனாள். பக்கத்தில் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது மிது. யோசிக்க நேரமில்லை, கொடுத்துவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தேன். மிது எழுந்து துரத்தினாள். ஓடுகிறவள் திரும்பவும் வரிசைக்குள் புகுந்து, முதல் பக்கத்துக்கே போய்விட்டாள். போய் நின்ற இடம் கம்பத்தை ஒட்டிய கடைசிச் சதுரத்துக்கு நேர் எதிரே. கடைசிச் சதுரத்தில் உட்கார்ந்திருந்தது கேப்டன்.

ஓடுகிறவளும் கேப்டனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிது கேப்டனின் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். இரண்டு விரல் வைத்தால் போதும், கேப்டன் எழுந்து ஒரே பாய்ச்சலில் தொட்டுவிடுவாள். மைதானம் முழுவதும் அதற்குத்தான் காத்திருந்தது. "கொடு மிது, கேப்டனுக்குக் கொடு" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கொடுக்காதே கொடுக்காதே என்று வருஷம் முழுவதும் சண்டை போட்டவள் நான்.

மிது கொடுக்கவில்லை. கேப்டனின் முதுகைத் தாண்டி ஓடினாள். கம்பத்தை ஒரு கையால் பிடித்து, உடம்பை வீசித் திரும்பி, இந்தப் பக்கம் வந்து விழுந்தாள். ஓடுகிறவள் கேப்டனின் தோளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது எழும்பும் என்று. மிதுவின் கை அவள் இடுப்பில் பட்ட பிறகுதான் திரும்பினாள். விசில்.

நாங்கள் எல்லாரும் எழுந்து ஓடினோம். கேப்டன் எழுந்திருக்கவில்லை. கடைசிச் சதுரத்தில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை, தேவைப்படவில்லை. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றுதான். மிது புழுதியோடு எழுந்து, எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு போய், அந்த ஊர் பேர் தெரியாத கம்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுவருஷம் புது அணி அமைத்தபோது, நாங்கள் ஆடாவிட்டாலும் சின்னவர்களைப் பழக்கப் போனோம். அதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டபோது கேப்டன் மிதுவைக் காட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. ஏன் நான் இல்லை என்று கேட்டே விட்டேன்.

"ஒனக்கு எதுக்குட்டி பட்டம்? நீ பொறுப்புல இல்லாட்டியும் சத்தம் போடுவே. அவ இருந்தாத்தான் போடுவா."

பன்னிரண்டாவது முடிந்ததும் அவள் அப்பா ஊருக்கே திரும்பிவிட்டார், அவளும் போனாள். ஹௌராவில் ரயில் நகரும்போது கையைக்கூட ஆட்டவில்லை, என் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மரக்கம்பம் உளுத்துப்போய் இப்போது இரும்புக் கம்பம் நிற்கிறது, மஞ்சள் பெயிண்ட்தான். ஒவ்வொரு வருஷமும் பந்தக்கால் பூஜை அதற்குத்தான் நடக்கிறது. ஏன் என்று கேட்டால் கிளப்பின் இளைஞர்கள், அது ஆதிகாலத்து வழக்கம் என்கிறார்கள். மிது ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டு காலையில் அங்கே பெண்களைப் பழக்குகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய்ச் சத்தம் போடுகிறேன்.

போன மாதம் பந்தக்கால் பூஜை முடிந்ததும், மாலை போட்ட கம்பத்தைச் சுற்றிப் பெண்கள் ஓடுவதைப் போனில் படமெடுத்துக் கேப்டனுக்கு அனுப்பினேன். இத்தனை பேர் வருகிறார்கள், போன வருஷம் மாவட்டத்தில் ஜெயித்தோம் என்று பெருமையாக எழுதினேன். மறுநாள்தான் பார்த்தாள். ஒரே சொல் வந்தது.

"அப்புறம்?"

எரிச்சலில் போனைப் பைக்குள் போட்டேன். சிரிப்பும் வந்தது. மிதுவிடம் "தார்போர் என்கிறாள்" என்றேன். மிது கொஞ்சம் யோசித்தாள். சாயங்காலமும் பழக வெளிச்சம் வேண்டும், கிளப்பில் விளக்கு கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். நான் போய்க் கேட்பதாக இருந்தது. மிது வரிசையைப் பார்த்தாள். கடைசிச் சதுரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், வந்து சேர்ந்ததிலிருந்து அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. மிது என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

போனை எடுத்துக் கேப்டனுக்கு எழுதினேன். அடுத்த ஞாயிறு விளக்கு கேட்கப் போகிறோம். மிது பேசப்போவதில்லை, நானும் இல்லை, கடைசிச் சதுரத்துப் பெண் பேசுவாள்.

படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கோ கொடுத்தவள் உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் ஆட்டம்.